தொண்ணூறு நீலப் புள்ளிகள்

என் பெயர் ஒட்டிய குப்பியில் போன ரத்தம் என்னுடையது இல்லை, என் மச்சினனுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்று விழுங்கி, மென்று விழுங்கித்தான் நாங்கள் இந்த நிலைமைக்கு வந்து நிற்கிறோம்.

அப்போது நானும் என் மனைவியும் இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்கு எடுத்த கம்பெனி விசா கொடுத்தது, டிக்கெட் கொடுத்தது, மருத்துவக் காப்பீட்டை மட்டும் நீயே எடுத்துக்கொள் என்று கைகழுவிவிட்டது. காப்பீட்டு அட்டை இல்லாமல் இங்கே குடியிருப்பு அட்டை கிடையாது. குடியிருப்பு அட்டை இல்லாதவன் மூன்றாவது மாதம் மூட்டை கட்ட வேண்டியதுதான். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவன் காப்பீடு எடுக்க வேண்டுமென்றால் ரத்தமும் சிறுநீரும் கொடுக்க வேண்டும். எனக்கு நாற்பத்தொன்பது. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை.

"சர்க்கரைன்னு தெரிஞ்சா கதவச் சாத்திடுவாங்க" என்று வேலையிடத்தில் ஒருவன் சொன்னான். எனக்கு முன்னால் வந்தவன், எல்லாம் தெரிந்தவன் மாதிரிப் பேசுகிறவன். அது நிஜம்தானா என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை. இருபதாவது மாடியில் லிஃப்ட் கூண்டின் தலையில் நின்றுகொண்டு கம்பிக்கு எண்ணெய் போடுகிறவனுக்கு ஒரு போன் போடத் தைரியம் இல்லை.

யோசனை மனைவியுடையது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் தலையாட்டிவிட்டேன். அவளுடைய தம்பி எங்களோடுதான் தங்கியிருந்தான். எங்களுக்கு மூன்று மாதம் முன்பே இங்கு வந்தவன், டைல்ஸ் போடுகிறவன். வீட்டில் அவனுக்கு இரும்பு என்று பெயர். பத்து வயதில் ஓட்டுக் கூரையிலிருந்து விழுந்து, எழுந்து, உடைந்த ஓட்டை மாற்ற மறுபடி மேலே ஏறியவன். சளி, காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. நான் கட்டியது தாய்மாமன் மகளை, ஆகவே மச்சினனும் எனக்கு ரத்த சொந்தம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே ஏறு நெற்றி. என் பாஸ்போர்ட் படம் எட்டு வருஷத்துக்கு முந்தையது. அந்தப் படத்துக்கு என்னைவிட அவன்தான் பொருத்தமாக இருந்தான்.

"ரத்தம்தானே மாமா? கேட்டா ஒரு சொம்பு தர்றேன்" என்றான் இரும்பு.

காப்பீட்டுக் கம்பெனி நர்ஸை வீட்டுக்கே அனுப்பும். காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். ஏழே முக்காலுக்கு நான் கீழே இறங்கித் தெருமுனையில் நின்றுகொள்வதாக ஏற்பாடு. அந்த அம்மா ஏழரைக்கே வந்து கதவைத் தட்டிவிட்டார். எங்கள் வீட்டில் ஒரு கூடம், கூடத்திலேயே சமையல் மேடை, கதவு சாத்தாத ஒரு படுக்கையறை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குளியலறைக்குள் புகுந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

கதவிடுக்கு வழியாக எல்லாம் காதில் விழுந்தது. இரும்பு என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அது ஒத்துக்கொள்ளாமல் நாற்காலியில் ஒரு முறை முட்டிக்கொண்டான். என் பெயர், என் பிறந்த தேதி, என் வேலை எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பித்தான்.

"போட்டோவுல இருக்கிற மாதிரியேதான் இருக்கீங்க. வயசே ஏறல" என்றார் நர்ஸ்.

"எல்லாம் வீட்டம்மா கைராசி" என்றான். அவனுடைய அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கியிருப்பாள்.

பிறகு பிரஷர் பார்த்தார்கள். நர்ஸ் கைப்பட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. "இன்னொரு தடவ பார்க்கலாம்" என்றார். பார்த்தார். "நூத்தி அறுபத்தெட்டு. கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு."

"ஊசியப் பார்த்தாலே எனக்கு அப்படித்தாங்க."

ரத்தம் எடுத்தாயிற்று. ஆளை விடுவார் என்று நான் பெருமூச்சு விடும்போது, ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கொடுத்துக் குளியலறைக்குப் போய் வரச் சொன்னார். இரும்பு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டான். வாளியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் அவனுக்குத் தோள் குலுங்கியது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"உங்க சார்பா நான் போறேன் மாமா" என்று கிசுகிசுத்தான். பிறகு, "இங்க பாருங்களேன், சோப்புத் தண்ணி மாதிரி நுரை கட்டுது. கொஞ்ச நாளாவே இப்படித்தான்."

நான் பார்த்தேன். வெள்ளை நுரை, அடங்கவே இல்லை. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவன் மேலாக ஊதிப் பார்த்தான். என் வாழ்நாளில் அவ்வளவு அடக்கிச் சிரித்ததில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. தபால் பெட்டியடியிலேயே நின்று பிரித்தேன். சர்க்கரை என்ற வரிக்கு நேரே இயல்பு என்று போட்டிருந்தது. அடித்தோம் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வரியில் கிரியேட்டினின் என்று ஒன்று இருந்தது. சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு அது. இருக்க வேண்டியதைப்போல இரண்டரை மடங்கு. சிறுநீரில் புரதம், நிறைய. கடைசியில் இரண்டு வாக்கியம்: உங்கள் சிறுநீரகங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே இயங்குகின்றன, நிபுணரை உடனே பாருங்கள். உங்கள் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

உண்மையைச் சொல்கிறேன், என் கண் முதலில் போனது கடைசி வாக்கியத்துக்குத்தான். என் அட்டை போச்சே என்றுதான் முதல் மாடி வரை ஏறினேன். இரண்டாவது மாடிக்கு ஏறும்போதுதான் இது யாருடைய சிறுநீரகம் என்பது மண்டையில் உறைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

மனைவி துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சட்டை பிடிப்பது, பேண்ட் குறைப்பது என்று வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பாள். கடிதத்தைப் படித்தாள். துணிக்குக் குறி போடும் நீலப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பியோடதா இது?" என்று கேட்டாள். தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை.

அவனிடம் எதுவும் சொல்ல வேண்டாம், முதலில் கம்பெனியில் போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அடுத்த வாரம் அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. இதில் ஏதோ தவறு என்று சொன்னேன், எந்தத் தவறு என்று சொல்லவில்லை. அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை மாற்ற வழியில்லை, என் கையில்தான் குத்தினார்கள். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள்.

"உங்க சிறுநீரகம் நல்லா இருக்கு" என்றார் அதிகாரி. "முதல் தடவ லேப்ல குப்பி மாறியிருக்கும்னு நினைக்கிறோம். மன்னிச்சுக்கங்க. ஆனா உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, தெரியுமா?"

"தெரியுங்க" என்றேன்.

"அதுக்கென்ன, பிரீமியம் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் வாளியில் உட்கார்ந்திருந்தேன். பழைய அறிக்கையில் அவர் சிவப்பு மையில் ரத்து என்று முத்திரை குத்தினார். குத்திவிட்டு ஒரு நிமிஷம் அதையே பார்த்தார்.

"இது யாரோட ரத்தமோ, பாவம். தனக்கு இப்படின்னு அவருக்கே தெரியாது. எப்படியாவது ஆளக் கண்டுபிடிச்சுச் சொல்லிடணும்னு லேப்புக்கு எழுதியிருக்கோம்."

"ஆமாங்க, சொல்லிடணும்" என்றேன். முன்பின் தெரியாத ஒருத்தி என் மச்சினனுக்காகப் பாவப்பட்டாள், நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரும்பு கீழே குழாயடியில் முழங்கால் உறைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். டைல்ஸ் போடுகிறவர்களுக்கு நாள் முழுக்க முட்டி தரையில்தான், அதற்குப் போட்டுக்கொள்ளும் தடிமனான உறை. ஜன்னல் வழியாக அவன் பாடுவது கேட்டது. நாங்கள் மேலே உட்கார்ந்து அவன் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்தோம்.

அவனுக்கு இருந்தது கான்ட்ராக்டர் எடுத்துக் கொடுத்த விபத்துக் காப்பீடு மட்டும். குடியிருப்பு அட்டைக்கு அது போதும். மேலேயிருந்து விழுந்தால் பார்ப்பார்கள், நோயில் விழுந்தால் பார்க்க மாட்டார்கள். அவன் நாற்பத்தொரு வயதுக்காரன், சொந்தமாகக் காப்பீடு எடுக்க ரத்தம் கொடுக்கத் தேவையில்லை. ஒரு படிவம் போதும். ஆனால் அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: உங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு இருப்பதாக யாராவது உங்களிடம் தெரிவித்திருக்கிறார்களா? அதற்குக் கீழே ஒரு விதி: முதல் தொண்ணூறு நாளுக்குள் கண்டுபிடிக்கப்படும் எந்த நோய்க்கும் எப்போதும் பணம் கிடையாது.

"இப்ப சொன்னா நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். எழுதி வெச்சுடுவாங்க. அப்புறம் காலத்துக்கும் ஒரு கம்பெனியும் அவனச் சேத்துக்காது" என்றாள் மனைவி. "சொல்லாம இருந்தா இல்லன்னு எழுதுவான். பொய்யும் இல்ல. தொண்ணூறு நாள் போகட்டும், அடுத்த நாள் நாமளே கூட்டிட்டுப் போவோம்."

"அவன்கிட்டயே சொல்லி, தொண்ணூறு நாள் பொறுத்துக்கன்னா என்ன?"

"அவனா? அவன் வயித்துல ஒரு ரகசியம் தங்குமா? என் கல்யாணப் பேச்ச ஊருக்கெல்லாம் சொன்னவன் அவன்தான்."

அது வாஸ்தவம். சின்ன வயதிலிருந்தே அவனிடம் சொன்னது தெருவுக்குச் சொன்ன மாதிரி. நான் மறுபேச்சுப் பேசவில்லை. அவள் தம்பிக்காகச் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரும்பு டாக்டரிடம் போனால், மாமாவுக்காக ரத்தம் கொடுத்தேன், அதில்தான் தெரிந்தது என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவான். என் புது அட்டை சட்டைப் பையில் சூடாக இருந்தது. இந்தப் பயத்தை நான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

காப்பீடு எடுக்கச் சொன்னதும் இரும்பு குதித்தான். "எனக்கெதுக்கு மாமா? பிரியாணி சாப்பிடறவன்கிட்ட கஞ்சி விக்கிறீங்களே" என்றான். அக்கா திட்டித் தீர்த்தபிறகு கையெழுத்துப் போட்டான். கேள்விகளை நான் வாசிக்க, இல்லை, இல்லை, இல்லை என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனான். சிறுநீரகக் கேள்விக்கும் அதே வேகத்தில் இல்லை என்றான். நான் குறித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அவள் அடுப்பு மேடைக்கு மேலே தொங்கிய காலண்டரில் நீலப் பென்சிலால் தினம் ஒரு புள்ளி வைத்தாள்.

வலி மாத்திரைதான் எங்கள் முதல் தலைவலி. முட்டி வலிக்காக அவன் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று விழுங்குவான். ஒரு நாள் தவறினால் படியேற முடியாது. அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கு விஷம் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டேன். நிறுத்தச் சொன்னால் ஏன் என்பான். அவன் மாத்திரையை நூறு நூறாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கி வைத்திருந்தான். வெள்ளை, நீள்வட்டம். மனைவி கடை கடையாகத் தேடி அதே அளவில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கி வந்து, அவன் வேலைக்குப் போன நேரத்தில் டப்பாவை மாற்றி நிரப்பினாள். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக இரண்டு பேருக்கும் நினைப்பு.

"இந்த மாத்திரையில இப்பல்லாம் சரக்கே இல்ல மாமா" என்றான் ஒரு வாரத்தில். "முட்டி கழண்டு விழற மாதிரி இருக்கு." வேலைக்குப் போகாமல் நிற்பான் என்று பார்த்தோம். நிற்கவில்லை. இரண்டு வாரத்தில் முட்டி வலியைப் பற்றிய பேச்சே நின்றுபோனது. பழகிவிட்டது போலிருக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

காலண்டர் புள்ளிகளை அவன் கவனிக்காமல் இல்லை. "என்னக்கா, ஊருக்குப் போற நாள எண்றியா?" என்றான்.

"துணி குடுத்த கணக்கு" என்றாள்.

"தெனமும் ஒண்ணா? அப்ப நீ மொதலாளிதான். மாமா, வேலைய விட்டுட்டு அக்காகிட்ட பட்டன் தைக்கப் போங்க."

ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல், படுத்துவிட்டாள். சாயங்காலம் இரும்பு மேடையில் கையூன்றி எக்கிக் காலண்டரில் ஏதோ செய்துகொண்டிருந்தான். "நீ மறந்துட்டேக்கா, நான் வெச்சுட்டேன்" என்றான். அதன்பிறகு அவள் வெளியே போன சில நாட்களிலும் அவனே வைத்தான். அவன் வைக்கும் புள்ளி பெரியதாக, அழுத்தமாக இருக்கும். அவள் அதைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

நாற்பதாவது நாள் வாக்கில் அவன் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து விட்டபடி நடப்பதைப் பார்த்தேன். கால் வீங்கியிருந்தது. நாள் முழுக்க மண்டி போட்டால் வீங்காதா என்றான். காலையில் கண்ணுக்குக் கீழே பை கட்டியிருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு, சிமெண்ட் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றான். சோற்றைப் பிசைந்துவிட்டு, வாயெல்லாம் இரும்பு ருசி அடிக்கிறது என்று தட்டைத் தள்ளினான். "பேரு அப்படி வெச்சா வேற எப்படி இருக்கும்" என்று அவனே சிரித்துக்கொண்டான்.

ஐம்பத்தெட்டாவது நாள், அவன் குளிக்கப் போயிருந்தபோது, சொல்லிவிடலாம் என்றேன் மனைவியிடம்.

"பாதிக் கிணறு தாண்டியாச்சு" என்றாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. "இன்னும் முப்பத்திரண்டு நாள்தான். இப்பச் சொன்னா இவ்வளவு நாள் சொல்லாம இருந்ததும் வீண்தானே?"

அது வீண் இல்லை, பாவம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் பிடிவாதத்துக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன், வாளிக்குப் பதிலாக.

எழுபத்தொன்றாவது நாள் காலை பதினோரு மணிக்கு, ஒரு லிஃப்டின் மோட்டார் அறையில் இருந்தபோது, அவன் மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது. ஓடினேன். புதிதாகக் கட்டும் அடுக்குமாடியில் ஏழாவது மாடி. ஒரு குளியலறையில் பாதித் தரைக்கு டைல்ஸ் போட்டு, மீதிக்குக் கலவை பரப்பியிருந்தது. அந்த ஈரக் கலவையில் கன்னத்தை வைத்து இரும்பு கிடந்தான். மூச்சு வாங்கியது, வாந்தி எடுத்திருந்தான். அவன் பையை எடுக்கும்போது முழங்கால் உறைக்குள்ளிருந்து ஒரு கொத்து மாத்திரை அட்டைகள் விழுந்தன.

"அது நான்தான் குடுத்தேன்" என்றார் மேஸ்திரி. "முன்னாடி சாப்பிட்டது கேக்கவே இல்லன்னு சொன்னாரு. இது நல்ல வீரியம். ஒரு நாளைக்கு நாலு போடுவாரு. வீட்ல சொல்லாதீங்க, அக்கா திட்டும்னாரு."

முட்டி வலி ஏன் நின்றது என்று அப்போது புரிந்தது. நாங்கள் டப்பாவை மாற்றாமல் இருந்திருந்தால் அவன் பழைய இரண்டோடு நின்றிருப்பான். அந்த மாடியின் சுவரில் என் தலையை முட்டிக்கொள்ளத் தோன்றியது, ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்தார்கள். முகப்பு மேசையில் இருந்தவர் அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினார். "பாலிசி எழுபத்தொரு நாள்தான் ஆகுது. காத்திருப்புக் காலத்துக்குள்ள வருது. அவசர சிகிச்சை குடுத்துடுவோம். அதுக்கப்புறம் உங்க செலவுதான்" என்றார். அட்டையை மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் அவனுக்குத் தெளிவு வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். மனைவி அவனுடைய துணிகளை எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்தாள். டாக்டர் வந்து கட்டிலோரம் நின்றார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, இனி வாரம் மூன்று முறை இந்த இயந்திரம்தான் என்று சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றான் இரும்பு.

"ஒரு தடவ பண்ணியிருந்தாலே தெரிஞ்சிருக்கும். மூணு மாசம் முன்னாடி வலி மாத்திரைய நிறுத்தி, பிரஷருக்கு மருந்து குடுத்திருந்தா இன்னும் பல வருஷம் ஓட்டியிருக்கலாம்."

டாக்டர் போய்விட்டார். இரும்பு மேற்கூரையின் சதுரங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். மூலையில் ஒன்று கோணலாகப் பதித்திருந்தது. வேறு நாளாக இருந்தால் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பான்.

"மாமா. நான் ஒரு தடவ ரத்தம் குடுத்தேனே."

நான் அவன் போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தேன்.

"உங்களுக்காக. அந்த ரிப்போர்ட்ல என்ன வந்துச்சு?"

லேபில் குப்பி மாறிவிட்டது என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தோம். இப்போதும் அதையே சொல்லலாம். ரத்து முத்திரை குத்திய காகிதம் அதற்குச் சாட்சிகூடச் சொல்லும். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் வந்த நாள், படிவம், தொண்ணூறு நாள், சுண்ணாம்பு மாத்திரை. என் அட்டைக்கு ஆபத்து வருமென்று பயந்ததையும் சொன்னேன். அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். "எல்லாம் நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது மாப்ளே."

என் வாழ்க்கையில் நான் வெட்கப்படாமல் சொன்ன ஒரே பொய் அது. அவன் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே அந்தப் பை இன்னும் வற்றவில்லை.

"காலண்டர்ல நீலப் புள்ளி வெச்சது அதுக்குத்தானா?"

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுல நாலு நான் வெச்சது மாமா" என்றான்.

நான் அழுதேன். அவன் அழவில்லை. கொஞ்ச நேரத்தில் திரை விலகியது. மனைவி துணிப்பையோடு வந்து நின்றாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள். பையின் காதை இறுக்கிப் பிடித்தபடி, "என்ன பேசிட்டு இருந்தீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றான் இரும்பு. "ஆஸ்பத்திரி லிஃப்ட் சரியில்லையாம், மாமா குறை சொல்லிட்டு இருந்தாரு." பிறகு தண்ணீர் கேட்டான். ஒரு மடக்குத்தான் குடிக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார், அவள் ஒரு மடக்குக் கொடுத்தாள். அடுத்த மாதம், இங்கே வைத்தியச் செலவுக்கு வழியில்லாமல், அவனைச் சக்கர நாற்காலியில் வைத்து ஊருக்கு விமானம் ஏற்றும்வரை அவன் அக்காவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. தம்பிக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் வயிற்றில் ரகசியம் தங்கும். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.